வன்னிப் பிள்ளையின் நேரம்: கம்பஸ் படிப்பும் மனநெருக்கீடும்

பரீட்சைக் காலம் நெருங்கிவிட்டால் பல்கலைக்கழக மாணவர்களுக்கான அறிவுரைகள் வட்ஸ்அப் குழுக்களில் வரிசை கட்டத் தொடங்கும். விடிய ஐந்து மணிக்கு எழும்புங்கள், நேரசூசி போடுங்கள், நாளுக்கு அரை மணித்தியாலம் நடவுங்கள், தியானம் செய்யுங்கள். ஒன்றும் பிழையான அறிவுரை இல்லை. ஆனால் இவையெல்லாம் மாணவரின் நேரம் மாணவருக்கே சொந்தம் என்று எடுத்துக்கொண்டு சொல்லப்படுபவை. வன்னியிலிருந்து கம்பஸ் போன பிள்ளைகள் பலருக்கு நிலைமை அப்படியில்லை. அவர்களுடைய கிழமையில் ஒரு பங்கு வயலுக்குப் போகிறது. ஒரு பங்கு தங்கச்சியின் ஓ.எல். கணக்குக்கு. இன்னொரு பங்கு அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக. நுண்கடன் தவணைத் திகதி வந்தால் மனம் முழுக்க அதிலேயே நிற்கும். மிஞ்சுவதில்தான் படிப்பு, நித்திரை, சிரிப்பு, விளையாட்டு எல்லாம். இந்தக் கணக்கைப் பாராமல் படிப்புக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான சமநிலை பற்றிப் பேசினால், அது வேறு எங்கோ இருக்கும் ஒரு மாணவருக்கான பேச்சாகிவிடும்.

வன்னியில் இன்று இரண்டு இடங்களில் பல்கலைக்கழகப் படிப்பு நடக்கிறது. பம்பைமடுவில் இருப்பது வவுனியாப் பல்கலைக்கழகம். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியோரம் அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. இரண்டும் ஊருக்குக் கிட்ட. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கலாம் என்பதாலேயே வீட்டு வேலையும் பிள்ளையை விட்டபாடில்லை. பேராதனையிலோ மொறட்டுவையிலோ படிக்கும் பிள்ளையை, "அவன் தூரத்தில நிக்கிறான், பாவம்" என்று வீடு விட்டுவிடும். பம்பைமடுவில் படிக்கும் ஒட்டுசுட்டான் பிள்ளைக்கு அந்த விலக்கு கிடைப்பதில்லை. மூத்த பொம்பிளைப் பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். அவள் சனிக்கிழமை வாசலில் கால் வைத்ததும் அடுப்படியும் உடுப்புக் குவியலும் அவள் பொறுப்பாகிவிடும். தம்பி கிரிக்கெட் விளையாடப் போய்விடுவான்.

அனுமதி முறையோடும் ஒரு பாரம் ஒட்டிக்கொண்டு வருகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் பகிரப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் உண்டு. "வெட்டுப்புள்ளி குறைவு, அதால வந்தவள்" என்று கூடப் படிக்கும் ஒருவர் விளையாட்டாகச் சொல்லும் ஒரு வசனம் முதலாம் வருடப் பிள்ளையின் மனதில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்று சொல்பவருக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை இரசாயனவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இருந்து, ஆய்வுகூடத்தைப் படத்தில் மட்டும் பார்த்து, கொழும்புப் பிள்ளை எழுதிய அதே வினாத்தாளை எழுதி வந்தவள். ஒதுக்கீடு அவளுக்குப் போட்ட பிச்சையில்லை. அவளுடைய பாடசாலைக்குத் தராமல் விட்டதற்கு ஒரு சிறு ஈடு. இதை விரிவுரையாளர்கள் முதல் கிழமையிலேயே வகுப்பில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்று கம்பஸில் படிப்பவர்களில் பெரும்பாலோர், போர் முடிந்த 2009 மே மாதத்தில் சின்னக் குழந்தைகள். மூன்று வயது, ஐந்து வயது, ஏழு வயது. அந்த வருடம் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான சனம் வன்னியிலிருந்து முகாம்களுக்குப் போனது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். பலருக்கு அரிவரி அங்கே தறப்பாளுக்குக் கீழே தொடங்கியது. அவர்களுக்குப் போரின் தெளிவான ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பெற்றோருக்கு உண்டு. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் உறைந்துபோகும் அப்பாவோடும், காணாமல் போன மகனின் படத்துக்கு விளக்கு வைப்பதா விடுவதா என்று தெரியாத அம்மம்மாவோடும் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வடக்கில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்ற கோணத்தில் விளக்கினார். பாதிப்பு தனி ஆளோடு நிற்பதில்லை. குடும்பத்தின் பேச்சு, நம்பிக்கை, ஒருவரையொருவர் தாங்கும் முறை எல்லாவற்றிலும் அது படிகிறது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து முதன்முதலாகக் கம்பஸ் போகிற பிள்ளை மேல் மொத்தக் குடும்பத்தின் எதிர்பார்ப்பும் வந்து குந்துகிறது. "நீ படிச்சு வந்திட்டால் எல்லாம் சரி" என்ற வார்த்தை அன்பானது. அதைத் தினமும் சுமக்கும் பிள்ளைக்கு அது பாரமுமாகும்.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஆபத்து என்று மூளை கருதியதும் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரீனல் சுரப்பிகள் அதிரினலினையும், சற்றுப் பிந்தி கோர்ட்டிசோலையும் இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும், வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறையும். பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இது அருமையான ஏற்பாடு. பரீட்சைக்கு முதல்நாள் வரும் சிறு படபடப்பும் நல்லதே; படிக்கத் தூண்டும். 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்தே இது பேசப்பட்டு வருகிறது: தூண்டுதல் அளவோடு இருந்தால் கற்றல் முன்னேறும், அளவு மீறினால் கடினமான வேலைதான் முதலில் கெடும். கணிதத்தில் தெரிந்த சமன்பாடு பரீட்சை மண்டபத்தில் மறந்துபோவது இதனால்தான். பிள்ளை மக்கு என்பதால் இல்லை. பாம்பு போனதும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கடன், ரிப்பீட் (பெயில் ஆன பாடத்தைத் திருப்பி எழுதுவது), வீட்டுச் சண்டை என்று பாம்பு போகாமலே நின்றால் உடம்பும் தளராமலே நிற்கும். மாதக்கணக்கில் அப்படி நின்றால் நித்திரை குழம்பும், ஞாபகம் மங்கும், அடிக்கடி தடிமன் காய்ச்சல் வரும், தலையிடியும் வயிற்றெரிவும் வழக்கமாகும். கம்பஸ் மருத்துவ நிலையத்துக்குக் காஸ்ரிக் குளிசை கேட்டு வருபவர்களில் சிலருக்கு உண்மையான நோவு மனதில் இருக்கிறது.

இந்தப் பாரம் நாட்பட்டதாக மாறுவதற்கு, நான் பார்த்த அளவில், மிகப் பெரிய காரணம் மறைப்பு. ஞாயிறு இரவு விடுதி மாடிப்படியில் நின்றால் ஒரே உரையாடல் பல குரல்களில் கேட்கும்.

"தம்பி, சாப்பிட்டியே?"

"ஓம் அம்மா. சோறும் மீனும்."

"சோதினை எப்பிடி?"

"பிரச்சினை இல்லை அம்மா. நீங்கள் குளிசை போட்டனீங்களோ?"

"ஓம் ஓம், போட்டனான். நீ படி."

சாப்பிட்டது பாணும் சம்பலும். போன செமஸ்ரரில் ஒரு பாடம் போய்விட்டது. அம்மாவின் பிரஷர் குளிசை முடிந்து நாலு நாள். கிளினிக்குக்குப் போக பஸ் காசு இல்லை. இரண்டு பேரும் மற்றவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்கள். போன் வைத்த பிறகு இரண்டு பேருக்கும் நித்திரை வராது. அம்மாவுக்கு உள்ளூரத் தெரியும், மகனுக்கும் தெரியும்.

ஆகவே வன்னிப் பிள்ளைக்குச் சமநிலை என்பது வீட்டோடு பேசுவதில்தான் தொடங்குகிறது. இதை நான் முழுமனதோடு சொல்கிறேன். மூச்சுப் பயிற்சி அதற்குப் பிறகு. பேசுவது என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டுவது இல்லை. செமஸ்ரர் தொடங்கும்போது கல்வி நாட்காட்டி வந்துவிடும். வீட்டுச் சுவரில் அம்மா அமாவாசையும் விரதமும் சீட்டுக் காசு கட்டும் நாளும் குறித்து வைக்கும் அதே கலண்டரில், பரீட்சைக் கிழமைகளைச் சிவப்புப் பேனையால் குறித்துவிட்டு வரலாம். "இந்த மூண்டு கிழமையும் நான் வரமாட்டன் அம்மா. அதுக்கு முதல் சனிக்கிழமையில வந்து வேலி அடைச்சுத் தாறன்" என்று முன்கூட்டிச் சொன்னால் வீடு அதற்கேற்ப ஆயத்தப்படும். காலபோக அருவிவெட்டு பெரும்பாலும் தை, மாசியில் வரும். பரீட்சையும் அதே காலத்தில் விழுந்தால், வெட்டு மெசினுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதா, மாமாவின் மகனைக் கூப்பிடுவதா என்று மார்கழியிலேயே பேசித் தீர்க்கலாம். கடைசி நாளில் "வரமாட்டன்" என்று சொன்னால்தான் அது சண்டையாகிறது. இரவில் யானைக் காவலுக்குப் போய் விடிய விரிவுரைக்கு வந்து தூங்கி விழுகிறவனுக்கும் இதே பேச்சுத்தான் மருந்து.

பெயில் ஆன பாடத்தையும் சொல்லத்தான் வேண்டும். பெற்றோர் பலர் ஏ.எல். முறையை மட்டுமே அறிந்தவர்கள். பெயில் என்றால் கம்பஸை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுவார்கள். "ஒரு பாடம் போட்டுது. அந்தப் பாடத்தை மட்டும் திருப்பி எழுதலாம், படிப்பு நிக்காது" என்று விளக்கினால் வீடு தாங்கும். ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலான பீடங்களில் சி தரத்துக்கு மேல் தருவதில்லை. பட்டத்தில் கிளாஸ் (வகுப்புச் சித்தி) எடுக்கும் வாய்ப்பை அது பாதிக்கக்கூடும். அந்த இழப்பு உண்மையானதுதான். ஆனால் பட்டம் போகவில்லை. கடும் சுகயீனத்தோடு பரீட்சைக்குப் போய்க் குந்துவதைவிட, உரிய நாளுக்குள் மருத்துவச் சான்றிதழைக் கையளிப்பது பல நேரங்களில் நல்லது. அது ஏற்கப்பட்டால், பொதுவாக அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கிடப்படும். மன நோய்க்கு வைத்தியர் தரும் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழ்தான். இது பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

அடுத்தது நித்திரை. 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்கு 7 முதல் 9 மணித்தியால நித்திரை தேவை. பகலில் படித்ததை மூளை நிலைநிறுத்துவதில் பெரும் பங்கு நித்திரையில் நடக்கிறது. இரவிரவாக முழித்துப் படிப்பவர் அரை வேலையைச் செய்துவிட்டு மீதியைத் தானே தடுக்கிறார். தேத்தண்ணியிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் 5 மணித்தியாலம் பிடிக்கும். இரவு ஒன்பதுக்குக் குடித்த கடும் பிளேன்ரீயின் பாதி அதிகாலை இரண்டுக்கும் இரத்தத்தில் நிற்கிறது. பங்குனி, சித்திரை வெக்கையில், ஆறு பேர் ஒரு அறையில் படுக்கும் விடுதியில், எட்டு மணித்தியாலம் நிம்மதியாகப் படுப்பது லேசில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எழும்பும் நேரத்தையாவது ஒரே நேரமாக வைத்திருக்கலாம். அறைக்குள் பதினொரு மணிக்கு லைற் நிற்பாட்டுவது என்று எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரலாம். படுக்கையில் போன் பார்ப்பதை நிறுத்தினாலே அரை மணித்தியாலம் மிஞ்சும். பின்னேரம் கொஞ்சம் நடப்பதும் நித்திரைக்கு உதவும். அறிவியல் நகர்ப் பிள்ளைகளுக்கு இரணைமடுப் பக்கமும், முறிகண்டியில் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு திரும்புவதும் இருக்கிறது.

நேரத்தை மிச்சம் பிடிக்கப் படிக்கும் முறையையும் மாற்றலாம். ஏ.எல். வரை தமிழில் படித்துவிட்டுத் திடீரென்று ஆங்கில விரிவுரைக்குள் விழும் பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: மொழியை விளங்குவது ஒன்று, பாடத்தை விளங்குவது மற்றது. முதல் வருடத்தில் மற்றவரைவிட இரண்டு மடங்கு களைப்பு வருவது அதனால்தான். இதற்கு நல்ல வழி குப்பி வகுப்பு. பாடத்தை விளங்கியவர் தமிழில் சொல்லித்தர, கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வது. இது வெறும் ஆறுதலுக்கான கூட்டம் இல்லை. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு கிழமைக்குப் பிறகு கூடுதலாக ஞாபகம் இருந்தது. குறிப்பை மஞ்சள் மையால் நிறைப்பதைவிட, வெறும் தாளில் நினைவுக்கு வருவதை எழுதுவது பயன் தரும். குப்பியில் சொல்லிக்கொடுப்பவருக்கும் அதே பலன். கூச்சத்தால் குப்பிக்குப் போகாமல் அறையில் தனியே கிடக்கும் பிள்ளையை யாராவது போய்க் கூட்டிவர வேண்டும்.

காசைப் பற்றிச் சுருக்கமாக. மாணவருக்கு மாதாமாதம் கிடைக்கும் மகாபொல புலமைப்பரிசில் 2025இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பேர்சரி உதவிப்பணம் 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்ந்தன. விடுதிக்கு வெளியே போர்டிங்கில் நின்று கடைச் சாப்பாடு சாப்பிடுபவருக்கு அது மாதக் கடைசி வரை வராது. தவணை பிந்துவதும் உண்டு. காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவதுதான் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் முதல் சிக்கனம். பசியில் இருக்கும் உடம்பு பதகளிப்பைக் கூட்டும். நாலு பேர் சேர்ந்து சமைப்பது எவ்வளவோ மேல். வெளிநாட்டு உறவினரிடமோ பழைய மாணவர் சங்கத்திடமோ உதவி கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

புதிதாக வரும் பிள்ளைகளைச் சீனியர்கள் வதைக்கும் பகிடிவதையையும் சொல்லாமல் விட முடியாது. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதைக்குப் பின் உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. "சீனியர் அண்ணா சும்மா பகிடிக்குத்தான்" என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

மே மாதம் தனியாகப் பேசவேண்டியது. போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூரும் 18ஆம் திகதி நெருங்கும்போது ஊரெல்லாம் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சப்படும். சில வருடங்களில் அதே கிழமைகளில் பரீட்சையும் வரும். அந்த நாட்களில் காரணம் தெரியாமல் எரிச்சல், அழுகை, கெட்ட கனவு, படிப்பில் மனம் ஒட்டாமை என்று வந்தால் அது பலவீனம் இல்லை. இழப்பு நடந்த நாள் திரும்பி வரும்போது உடம்பும் மனமும் அப்படித்தான் எதிர்வினை காட்டும். மருத்துவம் அறிந்த விடயம் இது. அம்மாவோ அம்மம்மாவோ 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நடந்துவரும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் குந்தியிருப்பவர் என்றால், அந்தப் பிள்ளைக்கு மே மட்டுமில்லை, ஒவ்வொரு மாதமும் அப்படியே. அன்றைக்கு ஊருக்குப் போய்ச் சுடர் ஏற்றுவது பலருக்கு மனதை ஆற்றுகிறது. ஒரு நாள் படிப்பு போகிறதே என்று அதைத் தவிர்த்துவிட்டு ஒரு கிழமை படிக்க முடியாமல் கிடப்பதைவிட, போய்வருவது நல்லது. வவுனியாவில் சிங்கள மாணவர்களும் நிறையப் பேர் படிக்கிறார்கள். அறைத் தோழிக்கு அந்த நாள் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். சொன்னால் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள்.

இவ்வளவும் செய்தும் சரிவராத கட்டம் உண்டு. இரண்டு கிழமைக்கு மேல், பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்திருப்பது, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, நித்திரையோ பசியோ தலைகீழாவது, குளிக்கக்கூட மனமில்லாமல் கிடப்பது, "நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நல்லது" என்ற எண்ணம் வருவது: இவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நண்பர் நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்டால்தான் சொல்வார்கள்.

கம்பஸில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விரிவுரையாளர்களே. ஒழுக்கப் பிரச்சினை வந்தால் விசாரிப்பதும் அவர்களாக இருக்கலாம் என்பதால் பிள்ளைகள் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் நியாயமானது. பயிற்சி பெற்ற, புள்ளி போடும் அதிகாரம் இல்லாத ஆற்றுப்படுத்துநர் ஒவ்வொரு பீடத்திலும் இருக்க வேண்டும். அது வரும்வரை வெளியே வழி உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணித்தியாலமும் இலவசம், தமிழிலும் பேசலாம். 1333 இலக்கத்திலும் பெயர் சொல்லாமல் பேசலாம். உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். வவுனியா, கிளிநொச்சி, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளிலும் முல்லைத்தீவில் மாஞ்சோலை ஆஸ்பத்திரியிலும் மனநலச் சேவை இருக்கிறது, காசு இல்லை. ஊர்க் கண் படும் என்று பயந்தால் அடுத்த மாவட்டத்துக்குப் போகலாம்.

முதல்முறை போகும்போது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. எப்போதிருந்து, நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, படிப்பு எப்படி என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் அங்கே போய்த் திணறத் தேவையில்லை. மருந்து தந்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை வரை செல்லலாம். அதற்கு முதலே "வேலை செய்யேல்லை" என்று தானாக நிறுத்தக்கூடாது. பரீட்சைத் திகதியை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பகலில் நித்திரை தூங்காதபடி மருந்தையோ, போடும் நேரத்தையோ அவர் மாற்றித் தருவார். அடுத்த கிளினிக் திகதியை அந்தச் சுவர்க் கலண்டரிலும் குறிக்கலாம். எதற்கென்று எழுதத் தேவையில்லை.